கட்டமும் காயும்: ஒன்பதாவது காயில் நடந்தது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோ விளையாட்டைப் பற்றியவை. செஸ்காரர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழ் உங்களுக்கு. கோ தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: கோடுகள் சந்திக்கும் இடங்களில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் காய் வைப்பார்கள். வைத்த காய் நகராது. ஒரு காயைச் சுற்றிக் காலியாக இருக்கும் சந்திப்புகளை இந்தப் பக்கத்தில் மூச்சு என்று எழுதி வருகிறோம். கடைசி மூச்சையும் எதிராளி அடைத்தால் காய் பலகையை விட்டுப் போய்விடும். முடிவில் யார் அதிக இடத்தை வளைத்திருக்கிறாரோ அவருக்கு வெற்றி.

கேள்வி: ஐயா, எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். விடுமுறைக்கு வந்து நின்ற பெறாமகன் எனக்கு கோ பழக்கிவிட்டான். ஒன்பதுக்கு ஒன்பது பலகையில் அவனோடு விளையாடித் தோற்றபடியே இருக்கிறேன். ஓர் ஆட்டத்தின் முதல் 14 காய்களை அவனைக் கொண்டே எழுதுவித்து அனுப்புகிறேன். கறுப்பு நான். முதல் எண் இடமிருந்து, இரண்டாவது எண் கீழிருந்து. 1: 5-5, 2: 5-3, 3: 4-3, 4: 4-2, 5: 3-2, 6: 3-3, 7: 4-4, 8: 2-2, 9: 3-1, 10: 4-1, 11: 2-1, 12: 1-1 (இதில் என் மூன்று காய்கள் போயின), 13: 2-4, 14: 6-5. பன்னிரண்டாவது காயில்தான் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்த இடத்தில் நீங்கள் எதுவும் செய்திருக்க ஏலாது தங்கச்சி. பன்னிரண்டாவது காய் பெறாமகனுடையது. பதினொன்றை நீங்கள் 2-1இல் வைத்த உடனேயே மூன்று காய்களுக்கும் 1-1 என்ற ஒரே மூச்சுதான் மிஞ்சியிருந்தது. அவன் வந்து அடைத்தான், அவ்வளவுதான். காய் பறிபோன இடத்தையே பிழை நடந்த இடமாக எடுத்துக்கொள்வது புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் உள்ள வழக்கம். பிழை எப்போதும் அதற்கு முன்னால் எங்கேயோ கிடக்கும்.

பலகையில் காய்களை அப்படியே அடுக்கிவிட்டு, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். 12ஐ எடுங்கள், 11ஐ எடுங்கள். இப்போது உங்களிடம் 3-2, 3-1 என்று இரண்டு காய்கள், மூச்சு 2-1 மட்டும். இதிலும் பிழைக்க வழியில்லை. இரண்டோடு போகட்டும் என்று விட்டிருந்தால் மூன்றாவது மிஞ்சியிருக்கும். இன்னும் பின்னால் போங்கள். 10, 9 இரண்டையும் எடுத்துவிட்டால் 3-2இல் ஒற்றைக் கறுப்பு நிற்கிறது. இடம், வலம், மேல் மூன்று பக்கமும் வெள்ளை. கீழே 3-1 மட்டும் காலி. நீங்கள் அந்தக் காயைக் காப்பாற்ற 3-1க்கு ஓடினீர்கள். ஓடிய திசையைப் பாருங்கள், பலகையின் கடைசிக் கோடு. முதலாம் கோட்டில் வைக்கிற காய்க்குக் கீழே மூச்சு கிடையாது. அங்கே ஓடுகிறவர், முன்னால் தன் ஆட்கள் யாராவது நின்றால்தான் ஓட வேண்டும். உங்களுக்கு அங்கே ஒருவரும் இல்லை.

அந்தக் காய் போனது போனதுதான். ஆனால் போவதற்கு முன் அது உங்களுக்கு ஒரு வேலை செய்து தரும். ஒன்பதை 5-2இல் வைத்துப் பாருங்கள். 4-2இல் நிற்கும் வெள்ளைக்கு இடப்பக்கம் உங்கள் 3-2, மேலே உங்கள் 4-3, வலப்பக்கம் இப்போது வைத்த 5-2. மூச்சு ஒன்றே ஒன்று, 4-1. பெறாமகன் சும்மா இருக்க முடியாது. 3-1இல் வைத்து உங்கள் ஒற்றைக் காயை எடுத்துக்கொள்வான். எடுக்கட்டும். இப்போது உங்கள் முறை. 11ஐ 6-3இல் வையுங்கள்.

5-3இல் நிற்கும் வெள்ளையைப் பாருங்கள். இடம் கறுப்பு, கீழ் கறுப்பு, வலம் கறுப்பு. மேலே 5-4க்கு மட்டும் வழி. அங்கே ஓடினால் 4-4உம் 5-5உம் உங்களுடையவை, 6-4 ஒன்றுதான் மிஞ்சும். நீங்கள் அதை அடைத்தால் இரண்டு காய்களும் உங்கள் கைக்கு வரும். நாயும் புலியும் விளையாடியவர்களுக்கு இது புதிதாக இருக்காது, புலியை அசைய இடமில்லாமல் அடைக்கிற அதே வேலைதான். ‘அவன் என் ஒற்றைக் காயை எடுக்காமல் முதலே 5-4க்கு ஓடினால்?’ என்று கேட்பீர்கள். ஓடினால் நீங்கள் 4-1இல் வைத்து 4-2ஐ எடுங்கள். செத்துக்கொண்டிருந்த 3-2க்கும் மூச்சு வந்துவிடும்.

ஆக, ஒரு மூலையையும் ஒரு காயையும் கொடுத்து நடுவையும் வலப்பக்கத்தையும் வாங்கியிருக்கலாம். நீங்கள் வாங்கியது கடைசிக் கோட்டில் இரண்டு காய்களும் ஒரு கவலையும். மூன்று காய் போனதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. நீங்கள் ஓட ஓட அவன் 4-1இல் ஒரு காய் வைத்தான் அல்லவா? அதற்குப் பிறகு 5-2இல் வைத்து அவனை மிரட்ட முடியாது. அவனுடைய பலவீனத்தை உங்கள் செலவில் திருத்திக் கொடுத்துவிட்டீர்கள்.

ஐந்தாவது காயைப் பற்றியும் ஒரு சொல். 3-2 கொஞ்சம் துணிச்சல்தான். 3-3இல் வெட்ட, அதாவது உங்கள் காய்களைப் பிரிக்க, இடம் விட்டது, வெட்டிய கையோடு 4-3இன் மூச்சும் ஒன்றாகிவிட்டது. 3-3இலேயே அமைதியாக வைத்திருந்தால் வெட்டு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் ஐந்தில் ஆட்டம் போகவில்லை. 9இல் உங்களுக்கு நல்ல வழி இருந்தது என்பதே அதற்குச் சாட்சி. அதேபோல 12இல் காய்கள் போன பின்னும் முறை உங்களுடையது. 6-3இல் வைத்து வெள்ளையைக் கீழோடு மடக்கியிருக்கலாம். 2-4இல் வைத்தது, எடுபட்ட காய்களின் துக்கத்தில் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த காய். வலது திறந்து கிடந்தது, 14இல் அவன் அங்கே போனான். சுறுசுறுப்பான பெடியன்.

பழைய சீனத்தில் இந்த விளையாட்டுக்குப் பத்து விதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். நாலாவது, காய்களைக் கைவிட்டு முந்திக்கொள். ஐந்தாவது, சிறியதை விட்டுப் பெரியதைப் பிடி. ஆறாவது, ஆபத்து என்றால் விட்டுவிடு. பத்தில் மூன்று விட்டுக்கொடுப்பதைப் பற்றியே இருப்பதால், அந்தக் காலத்திலும் ஆட்கள் உங்களைப் போலவும் என்னைப் போலவும்தான் விளையாடியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நீங்கள் கோ எங்கே பழகினீர்கள்? இலங்கையில் இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?
— வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: கோட்டேயில் புதிய பாராளுமன்றம் எழும்பிக்கொண்டிருந்த காலம். கட்டியது ஜப்பானிய நிறுவனம், 1982இல் திறந்தார்கள். நான் அங்கே படவரைஞர்களில் ஒருவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஜப்பானியப் பொறியியலாளர் சின்ன மடக்குப் பலகை ஒன்றை விரிப்பார். எங்களுக்குள் பொதுவாக இருந்த ஆங்கிலம் சிமெந்து, கம்பி பற்றியது. கோ பற்றிக் கதைக்க அது போதாது. ஆட்டம் முடிந்ததும் அவர் ‘பிழை’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. காய்களைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டே போவார், ஓர் இடத்தில் கையை நிறுத்துவார், என்னைப் பார்ப்பார். நான் வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் அதற்கு அவருடைய பதில் காய் பலகையில் விழும். மேலே வெள்ளவத்தை வாசகிக்குச் சொன்ன முறை அவரிடமிருந்து வந்தது. ஜப்பானிலும் கொரியாவிலும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்கூட ஆட்டம் முடிந்த கையோடு, வென்றவரும் தோற்றவருமாக இருந்து இப்படிப் பார்ப்பது வழக்கம். தோற்ற முகத்தோடு அங்கே இருப்பது லேசான வேலையில்லை.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் கைபேசியில் உள்ள மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்க்கிறேன். 19க்கு 19 பலகையில் என் காய்களில் பாதியைச் சிவப்பாகக் காட்டுகிறது. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. இதை எப்படிப் பயன்படுத்துவது?
— மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, முதலில் மென்பொருளை மூடிவிட்டு ஆட்டத்தை நினைவிலிருந்து பலகையில் அடுக்கிப் பார். முப்பதாவது காயோடு நினைவு நின்றுவிட்டால் பரவாயில்லை. எங்கே மறந்துபோகிறதோ அங்கே நீ காரணம் இல்லாமல் காய் வைத்திருக்கிறாய் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். காரணத்தோடு வைத்த காய், பிழையான காரணமாக இருந்தாலும், மறக்காது.

அதன் பிறகு மென்பொருளைத் திற. வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று காட்டும் கோட்டைப் பார்க்காதே. உன் மட்டத்தில் அது அலைபோல ஏறி இறங்கும், ஒன்றும் விளங்காது. எத்தனை புள்ளி முன்னால், எத்தனை புள்ளி பின்னால் என்று காட்டும் பகுதி இருக்கும், கட்டாகோ போன்றவற்றில் அது உண்டு. அதில் ஒரே காயில் பத்துப் பதினைந்து புள்ளி விழுந்த இடம் எது என்று தேடு. அப்படி இரண்டு மூன்று இடம் கிடைக்கும். அவற்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள். மற்றவை அதன் பிள்ளைகளாக இருக்கும். ஒன்றரைப் புள்ளி, இரண்டு புள்ளி விழுந்ததற்கெல்லாம் சிவப்பு அடித்திருந்தால் கண்டுகொள்ளாதே. அதையெல்லாம் திருத்துகிற வயது உன் ஆட்டத்துக்கு இன்னும் வரவில்லை.

இன்னொன்று. அது காட்டும் காயை அப்படியே அடுத்த ஆட்டத்தில் வைக்க ஆசை வரும். 2016 மார்ச்சில் சோலில் கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலோடு ஆல்பாகோ என்ற கணினி நிரல் ஐந்து ஆட்டம் விளையாடி நாலில் வென்றது உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது ஆட்டத்தில் அது வைத்த 37ஆவது காயைப் பார்த்து, வர்ணனை செய்துகொண்டிருந்தவர்களே பிழையாக வைத்துவிட்டதோ என்று யோசித்தார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு? ஆட்டத் தொடக்கத்திலேயே மூலையின் 3-3இல் நுழைவதும் அப்படித்தான். முன்பு அதை ஆசிரியர்கள் கண்டிப்பார்கள், 2017க்குப் பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்களே தாராளமாகச் செய்கிறார்கள். நீயும் நுழை, தடுக்க ஆளில்லை. ஆனால் நுழைந்த பின் வெளியே எதிராளிக்குக் கிடைக்கும் சுவரை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் நுழைந்தால், காய் கணினியுடையதாக இருக்கும், தோல்வி உன்னுடையதாக இருக்கும்.

கேள்வி: என் கணவர் செஸ்தான் மூளைக்கு நல்லது என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகி, தெஹிவளை

பதில்: அவரை செஸ் விளையாடச் சொல்லுங்கள். நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை விளையாடுங்கள்.

கேள்வி: வங்கியில் வேலை. இரவில் தம்பியோடு 13க்கு 13 பலகையில் விளையாடுகிறேன். பெரிய பிழை எதுவும் விடுவதில்லை, காய்களும் அதிகம் போவதில்லை. ஆனாலும் முடிவில் 20, 25 புள்ளிகளால் தோற்கிறேன். எங்கே போகிறது என்றே தெரியவில்லை.
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: உங்கள் ஆட்டக் குறிப்பைப் பார்த்தேன். தம்பி ஓர் இடத்தில் வைத்தால் உங்கள் காய் அதற்குப் பக்கத்தில் விழுகிறது. அவர் மேலே போனால் நீங்களும் மேலே, அவர் கீழே வந்தால் நீங்களும் கீழே. ஆட்டம் முழுக்க அவர் கேட்கிறார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்து பழகியவர் என்பது தெரிகிறது.

எந்தக் காய்க்கும் பதில் வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் இங்கே வைக்காவிட்டால் அவர் அடுத்து என்ன செய்வார்? உங்கள் காய்க் கூட்டம் செத்துப்போகும் என்றால் பதில் வையுங்கள். இரண்டு மூன்று புள்ளி குறையும் என்றால் விட்டுவிட்டு வேறிடம் போங்கள்.

உங்கள் குறிப்பில் இடது ஓரத்தை எடுங்கள். தம்பியின் கூட்டம் ஒன்றை மூன்றாம் கோட்டில் நின்று மேலிருந்து அழகாக அழுத்துகிறீர்கள். அவர் இரண்டாம் கோட்டில் ஊர்கிறார். இரண்டாம் கோட்டில் ஊர்கிறவருக்கு ஒரு காய்க்கு ஒரு புள்ளிதான். உங்களுக்கோ ஒவ்வொரு காயும் வெளியே பார்க்கிற சுவர். இதுவரை இலாபம் உங்களுக்கு. அவர் ஆறு காய் வைத்த இடத்தில் மாற்றம் வருகிறது. இரண்டாம் கோட்டில் ஆறு சாகும், எட்டு வாழும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மூலையைத் தொடாமல், இரண்டு பக்கமும் அடைபட்ட வரிசைக்கு அது பொருந்தும்: ஆறு காய் இருந்து உங்கள் முறை என்றால் கொன்றுவிடலாம், எட்டு இருந்தால் நீங்கள் முந்தினாலும் வாழ்ந்துவிடும், ஏழு என்றால் யார் முறையோ அவர் பாடு. நீங்கள் ஆறு வரும்வரை சரியாக அழுத்திவிட்டு, உங்கள் முறை வந்தபோது கொல்கிற இடத்தை விட்டு, தம்பி வலது மேல் மூலையில் போகிற போக்கில் வைத்த ஒரு காய்க்குப் பதில் வைக்கப் போய்விட்டீர்கள். அந்தப் பதில் இல்லாவிட்டாலும் உங்கள் மூலை உயிரோடுதான் இருந்திருக்கும், இரண்டு கண்ணும், அதாவது எதிராளி அடைக்க முடியாத இரண்டு தனித்தனி ஓட்டைகளும், அங்கே இருக்கின்றன. தேடுகிற இருபது புள்ளி அதில் இருக்கிறது.

ஆட்டத்தின் கடைசியில் உங்கள் சொந்த வளவுக்குள்ளேயே நாலு காய் வைத்திருக்கிறீர்கள், பயத்தில். ஜப்பானிய முறையில் எண்ணினால் தம்பி பாஸ் சொல்லியிருக்க நீங்கள் வைக்கிற ஒவ்வொன்றும் ஒரு புள்ளி நட்டம். சீன முறையில் உங்கள் காயும் புள்ளியாக எண்ணப்படுவதால் நட்டமில்லை. கைபேசியில் ஒரு கணக்கும் வீட்டில் ஒரு கணக்கும் வருகிறது என்று அடிக்குறிப்பில் கேட்டிருந்தீர்களே, காரணம் பெரும்பாலும் இதுவும், இரண்டாவதாக விளையாடுவதற்காக வெள்ளைக்குக் கொடுக்கும் புள்ளியும்தான். ஜப்பானிலும் கொரியாவிலும் அது ஆறரை, சீனாவில் ஏழரை. எந்த முறை என்று தொடங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். தோற்ற பிறகு பேசினால் சண்டை.

கேள்வி: வைத்த காயைத் திரும்ப எடுக்கலாமா? என் மகள் அழுகிறாள்.
— வாசகர், மட்டக்குளி

பதில்: ஆட்டத்துக்குள் கூடாது. ஆட்டம் முடிந்து பார்க்கும்போது எத்தனை தடவை வேண்டுமானாலும். பிள்ளைக்கு ஏழு எட்டு வயது என்றால் ஐந்தாறு காய்களை முதலே பலகையில் வைத்துவிட்டுத் தொடங்கவிடுங்கள். பெரியவர்களுக்கே 19க்கு 19இல் ஒன்பது வரை அப்படிக் கொடுப்பது உண்டு, மானக்கேடு ஒன்றும் இல்லை.

கேள்வி: கொழும்பில் கோ பலகை எங்கே வாங்கலாம்?
— பலர்

பதில்: கடைக் கடையாக அலைய வேண்டாம், செய்துகொள்ளுங்கள். தடித்த பிரிஸ்டல் போர்ட்டில் ஒன்பதுக்கு ஒன்பது கோடு. கட்டம் சரிசதுரமாக வேண்டாம். குறுக்கே 22 மில்லிமீற்றர், உங்களிலிருந்து எதிராளி பக்கமாக 24 மில்லிமீற்றர் வையுங்கள். ஜப்பானியப் பலகைகள் நீளம் கொஞ்சம் கூட்டித்தான் செய்யப்படுகின்றன. இருந்தபடி சாய்வாகப் பார்க்கும்போது கண்ணுக்குச் சதுரமாகத் தெரியும். படவரைஞன் சொல்கிறேன், கோட்டைப் பேனையால் ஒரே இழுப்பில் இழுங்கள், பென்சில் கை பட்டு அழியும். காய்க்குப் புறக்கோட்டையில் பொத்தான் கடைகள் இருக்கின்றன. கட்டத்தைவிடச் சற்றே சிறிய கறுப்புப் பொத்தான் 41, வெள்ளை 40. நாலு ஓட்டைப் பொத்தான் வாங்காதீர்கள், தட்டையாக நழுவும். பின்பக்கம் கொக்கி உள்ளதும் வேண்டாம். கொஞ்சம் பாரமான, ஓட்டை தெரியாத ரகம் கேளுங்கள். கடைக்காரர் என்ன சட்டைக்கு என்று கேட்பார்.

ஆட்டக் குறிப்பு அனுப்புகிறவர்கள் வெள்ளவத்தை வாசகி எழுதியது போல எண்களில் எழுதுங்கள், யார் கறுப்பு என்பதையும் சேர்த்து. கைபேசியில் பலகையைப் படமெடுத்து அனுப்பினால் கடைசி நிலைமை மட்டும்தான் தெரியும், எந்தக் காய் முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது. படமாக வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுத முடியவில்லை. வரிசையோடு திரும்ப அனுப்புங்கள், பார்க்கிறேன்.